செல்லையா அண்ணையின் மெசினை நாங்கள் கழற்றிய கதை

புதிதாக ஆசிரியத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைமாரே, பாடக்குறிப்பு எழுதுவதையும் வரவு இடாப்பு வைப்பதையும் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதையெல்லாம் கலாசாலையிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவள். அதில் ஒரு வியாழனையும் அடுத்து வந்த வெள்ளியையும் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த இரண்டு நாளும் நான் செய்ததெல்லாம் பிழை. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நினைக்கும்போது எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

எழுபதுகளின் தொடக்கம் அது. பாடசாலைகளில் தொழில் முன்னிலைப் பாடம் என்று ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஊரில் என்ன தொழில் நடக்கிறதோ அதைப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. கரையோரப் பள்ளிக்கூடங்களில் வலை பின்னினார்கள், படகு பழுது பார்த்தார்கள். எங்கள் பாடசாலை சுன்னாகத்துக்குப் பக்கத்தில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராமல் நின்றிருந்த காலமாதலால் எங்கள் ஊர்த் தோட்டக்காரர் நிமிர்ந்து நடந்தார்கள். கிணற்றடிக்குக் கிணற்றடி மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மெசின் சத்தம் போட்டது. ஆகவே எங்களுக்கு அந்த மெசினே பாடமாக வந்தது.

அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

“ரீச்சர், மெசின் பாடம் உங்களுக்கு.”

“சேர், நான் பூமிசாத்திரம் படிப்பிக்கிறவள்.”

“தண்ணியும் பூமிக்குள்ளை இருந்துதானே வருது” என்றார் அவர். அதோடு கதை முடிந்தது.

இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துக் கொப்பியில் கீறிக்கொண்டு வந்தேன். சுன்னாகத்தில் மெசின் திருத்துகிற ஒருவர், வெள்ளிக்கிழமை பாடசாலைக்கு வந்து பிள்ளைகளுக்குக் கழற்றிப் பூட்டிக் காட்டுவதாக ஒப்புக்கொண்டார். மெசினைத் தருவதற்குச் செல்லையா அண்ணை முன்வந்தார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். நாலு பரப்புக் காணியில் வெங்காயம் நட்டிருந்தார். காய் திரளுகிற நேரம்; மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் இறைத்தே ஆக வேண்டும். புதன்கிழமை இறைத்துவிட்டு, வியாழன் காலை மெசினை வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

“நாளைக்குப் பின்னேரம் வந்து ஏத்துவன், ரீச்சர். சனி விடிய இறைப்பு.”

“ஓம் அண்ணை, கட்டாயம்” என்றேன்.

சுன்னாகத்துக்காரர் எனக்கு ஒன்றை மட்டும் சொல்லி வைத்திருந்தார்: வியாழக்கிழமை வெளிப்பக்கத்தை மட்டும் காட்டுங்கள், நான் வரும்வரைக்கும் திறக்காதீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எட்டாம் வகுப்பு. பெண்களும் பையன்களுமாக இருபத்திரண்டு பிள்ளைகள் வேப்பமரத்தின் கீழே மெசினைச் சுற்றி நின்றார்கள். இது எண்ணெய்த் தாங்கி, இது கயிறு சுற்றுகிற சில்லு என்று பத்து நிமிடத்தில் நான் படித்தது எல்லாம் முடிந்துபோய்விட்டது. பாடம் முடிய இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.

“உள்ளுக்கை என்ன இருக்கு, ரீச்சர்?” என்று கேட்டான் குகன். வாய் ஓயாத பிள்ளை அவன்.

எனக்கும் அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதுதான் உண்மை. பிள்ளைகள் கேட்டார்கள் என்று நான் பிறகு பலருக்குச் சொன்னேன். ஆனால் சாவியை எடுத்து முதல் நட்டைத் திருப்பச் சொன்னவள் நான்தான். ஒருவருக்கும் குறை வைக்கக் கூடாது என்று ஆளுக்கொரு துண்டு கழற்றச் சொன்னேன். ஒரு சாக்கை விரித்து, கழற்றியதையெல்லாம் அதில் வரிசையாக வைத்தோம். நான் சற்றுத் தள்ளி நின்று கையை நீட்டிக் காட்டினேன். பிள்ளைகள் முழங்கை வரைக்கும் கறுத்துப்போய், கோயில் திருவிழாவுக்கு வந்தவர்கள் போல நின்றார்கள். மணி அடித்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழப்போகிறது என்று பயந்து, “எல்லாத்தையும் வாளிக்கை அள்ளிப் போடுங்கோ” என்றேன்.

இரண்டு வாளி நிறைய ஒரு மெசின். மழை பெய்யவேயில்லை.

வெள்ளிக்கிழமை காலை சுன்னாகத்துக்காரர் வரவில்லை. ஒரு பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பினேன். அவன் போய் வந்து, “கடை பூட்டு, ரீச்சர். மன்னாரிலை தங்கச்சியின்ரை கலியாணமாம். திங்கள்தான் வருவாராம்” என்றான்.

நாங்களே பூட்டத் தொடங்கினோம். கொப்பியில் நான் கீறி வந்த படத்தைப் பார்த்தோம். அது வேறு கம்பனி மெசினின் படம். மத்தியானத்துக்குள் பார்வைக்கு எல்லாம் சரிபோலத்தான் வந்தது. ஆனால் சாக்கில் ஒரு சின்ன ஸ்பிரிங் மிஞ்சிக் கிடந்தது. விரல் நகமளவுதான், ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கியது. அது எண்ணெயும் காற்றும் கலக்கிற காபரேற்றருக்குள் போகிற சாமான் என்பது மட்டும் தெரிந்தது. மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தோம். கயிற்றைச் சுற்றி இழுக்க, மெசின் கிழவனைப் போல இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அவ்வளவுதான்.

அப்போதுதான் நான் ஒரு பொய் சொன்னேன்.

“பிள்ளையள், செல்லையா அண்ணை வந்து கேட்டால், திங்கட்கிழமை கல்விக் கந்தோரிலை இருந்து ஒரு அதிகாரி மெசினைப் பாக்க வாறார், அதுவரைக்கும் இஞ்சை நிக்கட்டும் எண்டு சொல்லுங்கோ.”

திங்கள் வரைக்கும் தவணை கிடைக்கும், சுன்னாகத்துக்காரர் வந்து பூட்டித் தருவார் என்பது என் கணக்கு. வெங்காயத்தை நான் நினைக்கவேயில்லை. என் மானத்தை மட்டும் நினைத்தேன்.

பிள்ளைகள் தலையாட்டினார்கள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டு வந்தேன். வந்து பார்த்தால், இரண்டு பெண் பிள்ளைகள் வகுப்பறையைக் கூட்டுகிறார்கள். ஒருத்தி கரும்பலகையைக் கழுவுகிறாள். குகன் மாமரத்தில் ஏறி நிற்கிறான்.

“என்னடா செய்யிறாய்?”

“மாவிலை பிடுங்கிறன், ரீச்சர். தோரணம் கட்ட. அதிகாரி எத்தினை மணிக்கு வருவார்?”

தம்பி தங்கைமாரே, எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள். ஒருத்தரின் ஏச்சும் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி மாதிரி என்னைச் சுட்டதில்லை. நான் சொன்னதை அவர்கள் பொய்யென்று எடுத்துக்கொள்ளவேயில்லை. ஒருவர் வரப்போகிறார் என்றால் இடத்தைத் துப்புரவாக்க வேண்டும் என்று நான் பழக்கியிருந்ததை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்கள்.

எல்லோரையும் கூப்பிட்டு இருத்தினேன்.

“அதிகாரி ஒருத்தரும் வரேல்லை. நான் பொய் சொன்னனான். மெசினைப் பழுதாக்கினதைச் செல்லையா அண்ணையிட்டைச் சொல்லப் பயந்து சொன்னனான்.”

மாவிலைக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்த குகன் கேட்டான்: “அப்ப இந்த மாவிலையை என்ன செய்யிறது, ரீச்சர்?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு எழுந்து நடக்கத் தெம்பு வந்தது.

அதிபரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னோடு தோட்டத்துக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன்.

“நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் வரேல்லை.”

“சேர் வந்தால் அவர் கோவிக்கமாட்டார்.”

“அதுதான் வரேல்லை. அந்த மனுசன் கோவிக்கவேணும். நாலு பரப்பு வெங்காயம், ரீச்சர்.”

அப்போது எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. நான் பிறகு பல பாடசாலைகளில் பல அதிபர்களோடு வேலை செய்தேன். இடையில் வந்து நின்று என்னைக் காப்பாற்றியவர்கள் பலர். அன்று விலகி நின்ற அந்த மனிதரிடம்தான் நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

தோட்டம் பத்து நிமிட நடை. இருபத்தொரு பிள்ளைகளும் நானும் வரம்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். செல்லையா அண்ணை புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மண்வெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

“என்ன ரீச்சர், பள்ளிக்கூடம் முழுக்க வருது?”

சொன்னேன். திறக்கக் கூடாததைத் திறந்தது, வாளியில் அள்ளியது, பூட்டியும் ஒரு ஸ்பிரிங் மிஞ்சி ஓடாமல் நிற்பது எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொல்லப் பார்த்ததையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் பக்கத்தில் பிள்ளைகள் நின்றார்கள்.

அவர் வெங்காயப் பாத்தியைப் பார்த்தார். தாள்கள் பச்சையாக நிமிர்ந்து நின்றன. “பக்கத்துத் தோட்டக்காரருக்கும் நாளைக்குத்தான் இறைப்பு, அவையிட்டை மெசின் கேக்கவும் ஏலாது” என்றார். பிறகு சத்தம் உயர்ந்தது. “ஆரடா கழட்டினது? நீயோ?”

குகன் ஒரு அடி முன்னுக்கு வந்தான். “நான் மேல் மூடி மட்டும், அண்ணை. நாலு நட். ஒண்டு மற்றதிலும் பாக்க நீளம். அதை வலப்பக்கம் பின்னுக்குப் பூட்டவேணும்.”

“நீ என்ன செய்தனீ?” என்றார் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம்.

“நான் எண்ணெய் வாற குழாய். அதுக்குப் பிறகுதான் குகன் கழட்டினவன்.”

“நீ?”

“நான் பிளக். எனக்கு முதல் ஒருத்தரும் இல்லை. நான்தான் முதலாவது.”

அவர் கோபத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு பிள்ளையும் தன் துண்டைப் பற்றி, தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று அட்சரம் பிசகாமல் சொன்னது. பத்தாவது பிள்ளையில் அவர் குரல் இறங்கிவிட்டது. பதினைந்தாவது பிள்ளை சொல்லும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ரீச்சர், இவைக்கு எல்லாம் தெரியுது.”

உண்மைதான். நான் காலை முழுவதும் என் கொப்பியைப் பார்த்துப் பூட்டச் சொல்லியிருக்கிறேன். அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவருக்கும் முழு மெசின் தெரியாது. ஆனால் தன் கையால் கழற்றிய துண்டை ஒருவரும் மறக்கவில்லை.

“அப்ப கடைசியாய்க் கழட்டினவர் முதலிலை வரவேணும்” என்றார் செல்லையா அண்ணை. “அந்த ஸ்பிரிங் ஆர்?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “தவமலர்” என்றார்கள்.

இருபத்திரண்டு பேரில் அன்று வராத ஒரே பிள்ளை தவமலர்தான்.

அவள் வீடு அடுத்த ஒழுங்கையில். நான் தனியே போனேன். படலையைத் திறந்தபோது கிணற்றடியில் அவள் தாய் நின்றா. கையில் வெள்ளைச் சட்டை ஒன்று. என்னைக் கண்டதும் அதை விரித்துப் பிடித்தா. நெஞ்சில் இரண்டு கை அளவுக்குக் கறுப்பு.

“பாருங்கோ. நாலு தரம் அவிச்சுத் தோய்ச்சுப்போட்டன். இருக்கிறதே ரெண்டு சட்டை. சங்கக்கடையிலை துணிக்கு வரிசையிலை நிண்டு கால் கடுத்ததுதான் மிச்சம். பெட்டைப் பிள்ளைக்கு மெசின் என்னத்துக்கு? அதுதான் மறிச்சுப்போட்டன்.”

“பிழை என்னிலைதான், அக்கா. பழைய உடுப்பு கொண்டுவரச் சொல்லியிருக்கவேணும். யோசிக்கேல்லை.”

அவ என்னை மேலும் கீழுமாகப் பார்த்தா. “உங்கடை சீலையிலை ஒரு பொட்டு எண்ணெய் இல்லையே, ரீச்சர்” என்றா.

இரண்டு நாளாக நான் அந்த மெசினை ஒரு தரமாவது தொட்டேனா என்று யோசித்தேன். தொடவில்லை. கையை நீட்டிக் காட்டியதோடு சரி.

நடந்ததைச் சொன்னேன். செல்லையா அண்ணையின் வெங்காயம் என்றதும் அவவின் முகம் மாறியது. தோட்டக்காரக் குடும்பம், ஒரு இறைப்பு தவறினால் என்ன ஆகும் என்று நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உள்ளே திரும்பிக் கூப்பிட்டா.

“எடி பிள்ளை, அந்த ஸ்பிரிங் எங்கை இருந்தது எண்டு உனக்குத் தெரியுமோ?”

கதவின் பின்னால் தவமலர் இவ்வளவு நேரமும் நின்றிருக்க வேண்டும். உடனே பதில் வந்தது. “காபரேற்றர் ஊசிக்குக் கீழை, அம்மா. ஒடுங்கின பக்கம் மேலை பாத்தபடி.”

தாய் என்னைப் பார்த்தா. நான் தாயைப் பார்த்தேன்.

“பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வா” என்றா. பிறகு, “நானும் வாறன்” என்று குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்களோடு நடந்தா.

பாடசாலைக் கிணற்றடியில் மெசினை வைத்து மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம். இந்தமுறை நானும் நிலத்தில் இருந்தேன். சீலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, பிள்ளைகள் கேட்கக் கேட்கச் சாவியை எடுத்துக் கொடுத்தேன், அவர்கள் பிடி என்றதைப் பிடித்தேன். மற்றது எல்லாம் அவர்கள்தான். பின்னிருந்து முன்னாக வரிசையில் நின்று ஒவ்வொருவரும் வந்து தன் துண்டை வைத்தார்கள். தவமலர் ஸ்பிரிங்கை இரண்டு விரலால் பிடித்து உள்ளே விட்டபோது எல்லாப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். செல்லையா அண்ணை மண்ணெண்ணெய்ப் போத்தலோடு குந்தியிருந்தார். அதிபர் எப்போது வந்தார் என்று தெரியாது. கிணற்றுக் கட்டில் சாய்ந்துகொண்டு நின்றார்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பிளக் கழற்றிய பிள்ளை கடைசி ஆளாக வந்து அதைத் திருகினாள்.

“இழு” என்றார் செல்லையா அண்ணை, தவமலரைப் பார்த்து.

முதல் இழுவையில் இருமல். இரண்டாவதிலும் இருமல். மூன்றாவது இழுவைக்கு அவள் காலை ஊன்றி, முழு உடம்பையும் பின்னால் எறிந்தாள். மெசின் வெடித்துப் பிடித்தது. பிடித்த பிடியில் நிலம் அதிர்ந்தது.

எல்லாவற்றையும் யோசித்திருந்தோம். தண்ணீர்க் குழாயின் மறுமுனையைப் பிடிக்க ஒருவரை வைக்க வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. தண்ணீர் வந்த வேகத்தில் குழாய் பாம்பு மாதிரி எழும்பி ஒரு சுற்றுச் சுற்றியது. முதலில் நனைந்தவர் அதிபர். அடுத்தது தவமலரின் தாய். மூன்றாவது நான். பிள்ளைகள் குழாயைப் பிடிக்கிறோம் என்று ஓடிப்போய்த் தண்ணீருக்குள் விழுந்து எழும்பினார்கள். பிடிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் உண்மையில் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. செல்லையா அண்ணை கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் தவமலரின் தாய், “எடி, மெசினை நிப்பாட்டடி!” என்று கத்தினா. அந்தக் கத்தலுக்குள் இருந்த பெருமையை நான் கேட்டேன்.

சனிக்கிழமை விடிய நான் தோட்டத்துக்குப் போனேன். நான் மட்டும்தான் போவேன் என்று நினைத்திருந்தேன். பாதி வகுப்பு எனக்கு முன்னால் வரம்பில் நின்றது. தண்ணீர் வாய்க்காலில் ஓடிப் பாத்தி பாத்தியாக ஏறியதை நாங்கள் ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றோம். பாடசாலை விடுமுறை நாளில், ஒருவரும் கூப்பிடாமல், தண்ணீர் ஓடுவதைப் பார்க்க.

திங்கட்கிழமை தவமலர் இரண்டு பொதிகளோடு வந்தாள். கோதுமை மா வந்த சாக்குத் துணியைத் தோய்த்துத் தைத்த மேலங்கி, முழங்கால் வரைக்கும் மறைக்கிற மாதிரி. ஒன்று அவளுக்கு. மற்றது, “இது உங்களுக்காம் ரீச்சர், அம்மா தந்துவிட்டவ” என்றாள். அளவு சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை நான் ஒருபோதும் நின்றபடி படிப்பித்ததில்லை.

இனிமேல் கழற்றும்போது ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் போட்டு எழுதி வைப்பது, ஆளோடு ஆள் மாறி முழு மெசினையும் எல்லோரும் பழகுவது என்று அன்று நாங்கள் சட்டம் போட்டோம். அதெல்லாம் நல்ல சட்டங்கள்தான். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அன்று மத்தியானம் நடந்ததை.

இடைவேளை நேரம். படலையடியில் ஒரு வண்டில் வந்து நின்றது. வல்லிபுரம் அண்ணை என்று அயலூர்த் தோட்டக்காரர் ஒருவர். வண்டிலில் துருப்பிடித்த ஒரு மெசின், எங்களுக்குப் பழக்கமில்லாத வேறு சாதி. செய்தி எப்படியோ சந்தை வரைக்கும் போயிருந்தது. நான் எழுந்து போவதற்குள் குகனும் தவமலரும் இன்னும் நாலைந்து பேரும் வண்டிலைச் சுற்றிக்கொண்டார்கள். நான் தூரத்தில் நின்றேன். எனக்கு உள்ளூரப் பயம். ‘ஓம் அண்ணை, நாங்கள் திருத்தித் தாறம்’ என்று பிள்ளைகள் வீரம் பேசிவிடுவார்களோ என்று காதைக் கூர்மையாக்கினேன்.

குகன் மெசினைக் குனிந்து பார்த்தான். தவமலரைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

“அண்ணை, இந்த மெசின் எங்களுக்குத் தெரியாது. கழட்டிப் பாக்கலாம். திருப்பிப் பூட்டித் தருவம். ஆனா ஓடும் எண்டு சொல்ல ஏலாது.”

“ஓடாட்டி?” என்றார் அவர்.

“ஓடாட்டி நாங்களே உங்கடை வீட்டை வந்து சொல்லுவம்” என்றாள் தவமலர். “எப்ப இறைப்பு உங்களுக்கு?”

“வியாழன்.”

“அப்ப செவ்வாய் பின்னேரம் வந்து சொல்லுவம். அப்பதான் நீங்கள் வேறை ஒழுங்கு பாக்க நேரமிருக்கும்.”

வல்லிபுரம் அண்ணை அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாட்டை அவிழ்த்து வேலியோரம் கட்டினார். “சரி, இறக்குங்கோ” என்றார்.